புள்ளிமுழுங்கி

போன வாரம் தங்கையைக் கண்ணாடிக் கதவின் கைப்பிடியோடு நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், ஒரு வாரமாக அப்படியே நிற்கிறாள். கை மரத்துப்போயிருக்கும். முதலில் அவளைக் கவனிப்போம்.

இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கடை அண்ணனுடையது. தொடுதிரையில் எழுதுகிற பேனா, வரைகிற பேனா, அவற்றின் முனைகள், உறைகள். இதைத் தவிர அங்கே ஒரு குண்டூசிகூடக் கிடைக்காது. அண்ணனுக்கு ஊரார் வைத்த பெயர் 'தீர்ப்பு'. எந்தப் பேனாவைக் கொடுத்தாலும் சாய்த்து ஒரு கோடு, நிமிர்த்தி ஒரு கோடு. "இது எழுதும், வரையாது" என்று சொல்லிவிடுவான். மேல்முறையீடு கிடையாது.

தீர்ப்புதான் அவனுடையது. விசாரணை முழுக்கத் தங்கையுடையது. புதுப் பேனா ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதி, வரைந்து, அதன் குணத்தைக் கண்டுபிடித்து, காலையில் அவன் காதில் போடுகிறவள் அவள். அவளை 'குட்டி' என்பார்கள். காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் குட்டிதான்.

குட்டிக்கு இன்று நாலு மணிக்கு ஒரு வரைவுத் தேர்வு. மருத்துவப் புத்தகங்களுக்கு இதயம், ஈரல், எலும்பு வரைகிற அலுவலகம். வேலை கிடைத்தால் கடையை விட்டுப் போய்விடுவாள். அண்ணனுக்குத் தெரியாது. அண்ணிக்கு மட்டும் தெரியும். "அவர்கிட்ட நான் பக்குவமா சொல்றேன்" என்று அண்ணி ஏற்றுக்கொண்டு ஒரு வாரமாயிற்று. பக்குவம் இன்னும் வந்தபாடில்லை.

அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சுவரை நோக்கிப் போகிற ஆட்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காலம் தள்ளியவள். அதனால் ஒரு பழக்கம். யாராவது அசட்டுத்தனமாகப் பேசினால் அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும், பிரேக் இருக்கிற மாதிரி. வீட்டில் அண்ணன் வழக்கமாக உட்காருகிற நாற்காலிக்கு எதிரே தரை ஓடு ஒன்று தேய்ந்து குழியாகிவிட்டது.

சரி, கதவுக்கு வருவோம்.

கடையின் முன்பக்கம் தெருவைப் பார்த்த கண்ணாடி அறை. சோதனை அறை என்று பெயர். நடுவில் நீள மேசை, அதன்மேல் டேப்லெட்டுகள், ஒரு தாங்கியில் மாதிரிப் பேனாக்கள். வாடிக்கையாளர்கள் எழுதிப் பார்ப்பார்கள். பிடித்துப் போனால் வாங்குவார்கள். ரொம்பப் பிடித்துப் போனால் மறந்தாற்போலச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த மறதிக்கு வைத்தியமாக நேற்று அண்ணன் ஒரு பூட்டு மாட்டினான். உலகத்துப் பூட்டுகள் எல்லாம் உள்ளே வருகிறவனைத் தடுக்கும். இது வெளியே போகிறவனைத் தடுக்கும்.

"திருடன் உள்ள வரும்போது வெறுங்கையோடதான் வர்றான். அவனை எதுக்குத் தடுக்கணும்? போகும்போதுதானே பேனாவோட போறான்?"

இதைக் கேட்டுப் பூட்டுக்காரரே கையிலிருந்த பூட்டை ஒரு தடவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மாட்டிக் கொடுத்தார். கதவுக்கு உள்பக்கம் ஒரு சின்னத் திரை. அதில் முதலாளி பேனாவால் கையெழுத்துப் போட்டால்தான் கதவு திறக்கும். கையெழுத்து ஒரு தடவை தப்பாக விழுந்துவிட்டால், திருடனின் கூட்டாளி வந்து திறந்துவிடாதபடி, வெளியிலிருந்தும் பூட்டுக்காரரின் கருவிக்கு மட்டும்தான் திறக்கும்.

இன்று மத்தியானம் தங்கை அந்த அறைக்குள் போனது 'ஊசி'யை எடுக்க. ஊசி என்பது ஒரு வெள்ளைப் பேனா. மெதுவாகத் தொட்டாலும் புள்ளி விழும். இதயத்துக்கும் ஈரலுக்கும் நிழலைக் கோட்டால் போட மாட்டார்கள், புள்ளி புள்ளியாகத்தான் வைப்பார்கள். தேர்வே அதுதான். ஊசியை எடுத்துக்கொண்டு அவள் திரும்புவதற்குள், புதுப் பூட்டின் பெருமையைக் காட்ட அண்ணன் அண்ணியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தான். கதவு பின்னால் 'க்ளிக்' என்றது.

"இப்ப பாரு" என்று அண்ணன் தாங்கியிலிருந்து ஒரு பேனாவை உருவிக் கையெழுத்துப் போட்டான். திரை சிவந்தது.

"கொஞ்சம் கோணிடுச்சு." மறுபடி போட்டான். மறுபடி சிவந்தது.

"என்னங்க, இது வெக்கப்படுதா?" என்றாள் அண்ணி.

தங்கை கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அங்கேதான் போன வாரம் அவளை விட்டோம்.

அண்ணன் பூட்டுக்காரருக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"சார், கையெழுத்து போடுங்க, திறந்துடும்."

"போட்டுட்டுதான்யா இருக்கேன்!"

"உங்க கையெழுத்தைப் போடுங்க சார்."

"பின்ன அடுத்த வீட்டுக்காரன் கையெழுத்தையா போடறேன்?"

அண்ணியின் வலது கால் மெல்ல அழுந்தியது.

"நேத்து எந்தப் பேனால பதிஞ்சீங்களோ அதே பேனாவா சார்? அது எழுத்தை மட்டும் பாக்காது. எவ்வளவு அழுத்தறீங்க, எந்தப் பக்கம் சாய்க்கறீங்க, எங்க நின்னு எங்க ஓடறீங்க, எல்லாம் பாக்கும். பேனா மாறினா ஆளே மாறிட்டான்னு நினைச்சுக்கும்."

"நீதானேய்யா எடுத்துக் கொடுத்தே!"

"தாங்கில இருந்து எடுத்தேன், தாங்கிலயே வெச்சுட்டேன் சார். வெள்ளையா இருந்துச்சு."

மூன்று பேரும் தாங்கியைப் பார்த்தார்கள். முக்கால்வாசி வெள்ளை.

"உடனே கிளம்பி வாய்யா."

"பக்கத்து ஊர்ல ஒரு வேலையில இருக்கேன் சார். வந்து சேர சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் போட்டுப் பாத்துக்கிட்டே இருங்க."

அண்ணி ஒரு முக்காலியைத் தூக்கினாள். அண்ணன் பாய்ந்து கண்ணாடியைக் கட்டிக்கொண்டான்.

"ஏய்! இது உடையாத கண்ணாடி! சொல்லி வரவழைச்சது!"

"அப்ப உடையாது. தள்ளுங்க."

"ஒருவேளை உடைஞ்சிட்டா?"

அண்ணி முக்காலியைக் கீழே வைத்தாள். இந்த மாதிரிக் கேள்விக்குக் கார் ஓட்டுகிற புத்தகத்தில் பதில் இல்லை.

தங்கை பையைத் தோளில் மாட்டியபடியே நின்றாள். மணி இரண்டரை. 'நேரம் தவறி வருபவர்களை உள்ளே விடுவதில்லை' என்று அந்த அலுவலகத்து அம்மாள் போனிலேயே சொல்லியிருந்தாள். இரண்டாம் தடவை கூப்பிடுகிற வழக்கமும் அங்கே இல்லை.

இனி, அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம். காதைக் கொடுங்கள்.

அண்ணன் பெயர் 'ன்' என்ற எழுத்தில் முடியும். அந்த ரெண்டு சுழி னகரம் அவன் மனசைப் பொறுத்தது. சாதாரணமாக இருந்தால் ரெண்டு சுழி போடுவான். உற்சாகம் வந்தால் மூணு சுழி. ஒரு சமயம் அதிக உற்சாகத்தில் சுழித்துக்கொண்டே போய்த் தாளை விட்டு மேசைக்கே இறங்கிவிட்டான். நேற்று புதுப் பூட்டின் உற்சாகத்தில், பூட்டுக்காரர் நீட்டிய பேனா எதுவென்றுகூடப் பார்க்காமல் மூன்று தடவை கையெழுத்துப் போட்டான். மூன்று வேறு ஆட்கள் வந்திருப்பதாக இயந்திரம் முடிவு செய்தது. அவன் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போனான். அந்த இடைவெளியில், பூட்டுக்காரர் குனிந்து கருவிப் பையைக் குடைந்துகொண்டிருந்தபோது, தங்கை மேசையில் கிடந்த பேனாவை எடுத்து அவன் கையெழுத்தைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது.

அவன் திரும்பி வந்தபோது, "மூணாவதை ஏத்துக்கிச்சு அண்ணா" என்றாள்.

"ஏத்துக்காம? என் கையெழுத்தை வேற எவன் போட முடியும்?" என்றான் அண்ணன்.

அவளால் முடியும். சரக்கு வந்தால், பார்சல் வந்தால், மின்சாரக்காரர் வந்தால் எல்லாவற்றுக்கும் 'நீயே போட்டுடு குட்டி' என்பான். போட்டுப் போட்டு அவன் கையெழுத்து அவனைவிட அவளுக்கு நன்றாக வந்தது.

ஆக, சாவி அவள் கைதான். அது எந்தப் பேனா என்று மட்டும் கண்டுபிடித்தால் போதும், கதவைத் திறந்துகொண்டு போய்விடலாம்.

போகலாமா?

அண்ணன் முன்னால் போட்டுத் திறந்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் கோபப்படுவானா என்றால், மாட்டான். அதுதான் வம்பு. பெருமைப்படுவான். "பாத்தீங்களா, எங்க குட்டி இல்லாம இந்தக் கடையில கதவுகூடத் திறக்காது!" என்று தெருவைக் கூட்டிச் சொல்வான். சொல்லும்போது கண் கலங்கும். அதற்கப்புறம் எந்த வாயால் 'நான் போறேன்' என்பது? திட்டுகிறவனை விட்டு ஒரு நொடியில் போகலாம். பாசத்தோடு கையைப் பிடித்துக்கொள்கிறவனிடம் விரலை ஒவ்வொன்றாக அல்லவா பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது!

அதனால் அவள் கைப்பிடியை விட்டுவிட்டு மேசையோரம் ஒதுங்கிக்கொண்டாள்.

அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டான். "ஒவ்வொண்ணாப் பாத்துடுவோம்."

முதலில் 'தடியன்'. ரப்பர் மூக்கு வைத்த பேனா. எங்கே தொடுகிறோம் என்று நமக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. சிவப்பு.

அடுத்து 'இழுவை'. கை ஒரு வேகத்தில் போகும், கோடு தன் சௌகரியத்துக்குப் பின்னால் வரும். இதில் ஒருவர் சண்டை போட்ட மனைவிக்கு 'மன்னித்துவிடு' என்று எழுதினார். அது திரைக்கு வந்து சேர்வதற்குள் அவர்கள் சமாதானமாகி, மறுபடி சண்டை போட்டு, மறுபடி சமாதானமாகியிருந்தார்கள். வார்த்தை வந்து சேர்ந்ததும், எதற்கு மன்னிப்பு என்று கேட்டு மூன்றாவது சண்டை. சிவப்பு.

'சண்டைக்காரி' உள்ளங்கையைச் சேர்க்கவே சேர்க்காது. திரையில் கை பட்டால் பேனாவை நிறுத்திவிட்டுக் கையை எழுத விடும். சிவப்பு. 'வழுக்கி' எண்ணெய்த் தரையில் கன்றுக்குட்டி மாதிரி ஓடிற்று. அண்ணன் பெயரின் பாதி திரைக்கு வெளியே போய் விழுந்தது. அதற்கும் சிவப்பு.

இதற்குள் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கண்ணாடிக்குள் ஓர் ஆள் வியர்க்க வியர்க்கப் பேனா மாற்றி மாற்றி எழுதுவதைப் பார்த்து, ஏதோ விளம்பர நிகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள். சத்தம் வெளியே போகாது. ஆனாலும் அண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை. ஒவ்வொரு பேனா தோற்றதும் கூட்டத்தின் பக்கம் திரும்பி, கட்டைவிரலைக் கீழே காட்டித் தீர்ப்பு சொன்னான். கூட்டம் தலையாட்டியது. முன்வரிசையில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

அண்ணி தங்கை பக்கம் நகர்ந்து வந்தாள். "குட்டி, மணி என்ன?"

"மூணு ஆகப்போகுது அண்ணி."

"நேத்து அந்தக் கையெழுத்தை யார் போட்டது?"

தங்கை கண்ணாடியைப் பார்த்தாள்.

"என்கிட்ட மறைக்காதே. அவர் கையெழுத்தைப் புரிஞ்சுக்கிற மெஷின் இன்னும் பொறக்கலை. கல்யாணப் பதிவுலயே மனுஷன் மூணு சுழி போட்டு வெச்சார். நான் யாரைக் கட்டிக்கிட்டேன்னு சட்டத்துக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

சிரிப்பு வந்தால் அழுகையும் கூடவே வந்துவிடும் போலிருந்தது. தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான்தான் அண்ணி."

"அப்ப எந்தப் பேனா?"

"பாக்கலை. ஆனா கடைசிப் புள்ளி விழவே இல்ல. ரெண்டு தடவை அழுத்தினேன்."

இருவரும் ஒரே சமயத்தில் தாங்கியைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே பெயரை நினைத்தார்கள்.

புள்ளிமுழுங்கி.

அதுவும் வெள்ளைப் பேனாதான். ஊசிக்கு இரட்டைப் பிறவி. உயரம், தடிமன், முனை எதிலும் வித்தியாசம் கிடையாது. எழுதினால்தான் தெரியும். கோடெல்லாம் தங்கமாக வரும். புள்ளி வைத்தால் மட்டும் முழுங்கிவிடும். புள்ளி போனால் நம் எழுத்தில் என்ன மிஞ்சும்? ஓர் ஆசிரியர் அதில் பாடம் எழுதி மாணவர்களுக்கு அனுப்பினார். மெய்யெழுத்து ஒன்றுக்கும் புள்ளி இல்லை. ஏதோ பழைய ஓலைச்சுவடி கிடைத்துவிட்டதென்று பிள்ளைகள் அதை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. அன்றையிலிருந்து அண்ணன் அந்தப் பேனாவைத் தொடுவதில்லை. 'இது பேனாவே இல்லை' என்பது அவன் கொடுத்த தீர்ப்புகளிலேயே கடுமையானது.

"என்னங்க," என்றாள் அண்ணி, "அந்தப் புள்ளிமுழுங்கியையும் ஒரு தடவை..."

"தெருவே பாக்குது! அதை நான் கையில எடுத்தா நாளைக்கு எவன் என் பேச்சை நம்புவான்? சாயங்காலம் வரைக்கும் இங்கேயே உக்காருவேன். ராத்திரி ஆனாலும் உக்காருவேன். நாம மூணு பேரும் இப்படி ஒண்ணா உக்காந்து எத்தனை நாளாச்சு! என்ன குட்டி?"

மனப்பூர்வமாகத்தான் சொன்னான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தங்கைக்கு அறை இன்னும் ஒரு சாண் சுருங்கினாற்போல இருந்தது.

அண்ணியின் கால் தரையை அழுத்தியது. அழுத்திய கால் இந்தத் தடவை மேலே எழும்பவே இல்லை.

"உங்களுக்குக் கை நடுங்குதுங்க. அதான் சரியா விழ மாட்டேங்குது."

"எனக்கா? நடுங்குதா?"

"புதுசா ஓட்ட வர்றவங்களுக்கு இப்படித்தான் இருக்கும். பக்கத்துல இருந்து நான் ஸ்டியரிங்ல ஒரு கை வெச்சுக் கொடுப்பேன், வண்டி நேரா போகும். குட்டி, அண்ணன் கைமேல கை வெச்சுக்கோ. ஓட்டறது அவர்தான். நீ சும்மா பிடிச்சுக்கோ. அந்த ஊசியைக் கொடு அவர்கிட்ட."

'ஊசி' என்று சொல்லும்போது அண்ணியின் கண் தாங்கியின் இடது மூலைக்குப் போய்த் திரும்பியது.

தங்கை ஊசியை இடது கைக்கு மாற்றினாள். வலது கையால் மூலையிலிருந்த இரட்டையை எடுத்து அண்ணன் விரலுக்குள் வைத்தாள். அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள். பெரிய கை, வியர்வையில் நனைந்த கை.

முதல் எழுத்து தகராறு இல்லாமல் போயிற்று. நடு எழுத்தில் அவன் ஒரு வளைவு அதிகம் கேட்டான். அவள் கொடுக்கவில்லை. கடைசியில் வந்தது னகரம். முதல் சுழி. இரண்டாம் சுழி. கூட்டம் பார்க்கிறதல்லவா, உற்சாகத்தில் அவன் கை மூன்றாம் சுழிக்குத் திமிறிற்று. அவள் இறுக்கிப் பிடித்துக் கீழே இறக்கினாள். ஒரு கணம் அண்ணனும் தங்கையும் ஒரு சுழிக்காக மல்லுக்கு நின்றார்கள். வெளியே இருந்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அவள் ஜெயித்தாள். புள்ளி வைத்தாள். விழவில்லை. மறுபடி அழுத்தினாள்.

பச்சை.

கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது. தெருவில் கைதட்டல். அண்ணன் இன்னொரு கையை உயர்த்தி, "பாத்தீங்களா! என் கையெழுத்து!" என்றான். சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தான். அடங்கி ஒடுங்கிய ரெண்டு சுழி. பிறகு தன் கையைப் பார்த்தான். அது இன்னும் அவள் கைக்குள்ளேயே இருந்தது.

"ரெண்டு தடவை அழுத்தினே," என்றான் மெதுவாக. "இது ஊசி இல்ல."

பேனா விஷயத்தில் அவனை ஏமாற்ற முடியாது. மற்ற விஷயங்களில்தான் முடியும்.

"குட்டி," என்றான் இன்னும் மெதுவாக, "அப்ப நேத்து..."

"குட்டி, கிளம்பு!" என்றாள் அண்ணி.

"எங்க கிளம்பறா?"

"ஓடுன்னு சொல்றேன்ல!"

தங்கை அவசரத்தில் அவன் விரலிலிருந்த பேனாவையும் உருவிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள். அங்கேதான் அண்ணனின் உடம்பில் ஊறிய பழக்கம் வேலை செய்தது. மனசு எங்கேயோ நின்றுகொண்டிருக்க, கை மட்டும் நீண்டு, வெளியே போகிறவளின் இடது கையிலிருந்த பேனாவைப் பறித்தது. பேனாவோடு யாரும் வெளியே போகக்கூடாது. தங்கையானாலும் சரி.

அண்ணி அவளை முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள். க்ளிக்.

தெருவிலிருந்து தங்கை திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் ஒலி இல்லாத நாடகம். அண்ணன் பறித்த பேனாவால் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டான். சிவப்பு. மறுபடி. சிவப்பு. அண்ணி முக்காலியை இழுத்துக் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எதிரே இருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். அவன் உட்கார்ந்தான். அண்ணி பேச ஆரம்பித்தாள். ஒரு வாரமாகத் தேடிய பக்குவம் பூட்டின அறையில்தான் கிடைத்தது போலும். அண்ணனின் வாய் மெதுவாகத் திறந்தது. அது மூடுவதைப் பார்க்க அவள் நிற்கவில்லை.

வாடகைக் காரில், கையில் மிஞ்சிய பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு, மூச்சை மட்டும் கவனித்தபடி போனாள். நாலு அடிக்க இருக்கும்போது அந்த அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டேப்லெட்டை மேசையில் வைத்தாள். போனைச் சத்தம் வராமல் பக்கத்தில் வைத்தாள்.

கண்ணாடி போட்ட அம்மாள் ஒரு மாதிரி இதயத்தைக் கொண்டுவந்து எதிரே வைத்தாள். "வெளிக்கோடு ஒண்ணு போதும். நிழல் முழுக்கப் புள்ளியிலேயே வரணும்மா. உங்க பேனாவுலயே போடுங்க."

வெளிக்கோடு தங்கமாக வந்தது. அம்மாள்கூட "ம்" என்றாள். தங்கை முதல் புள்ளியை வைத்தாள்.

திரை வெள்ளையாகவே இருந்தது.

பேனாவைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்து என்ன பிரயோஜனம்? பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஊசி அண்ணன் கையில் இருக்கிறது. உள்ளேயிருந்து அந்தக் கதவைத் திறக்கிற ஒரே சாவி இவள் கையில்.

எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, எத்தனையோ வருஷமாக அண்ணன் பெயரின் கடைசியில் வைத்த புள்ளியை நினைத்துக்கொண்டாள். ஒரே இடத்தில் இரண்டு தடவை அழுத்தினாள். ஒரு புள்ளி விழுந்தது. குட்டியூண்டு, கறுப்பாக, அழகாக.

எதிரே முழு இதயமும் பாக்கி இருந்தது.

குனிந்து ஆரம்பித்தபோது பக்கத்திலிருந்த போன் திரை மின்னியது. பூட்டுக்காரர்.

'மேடம், வேலை சீக்கிரம் முடிஞ்சுது, கடை வாசல்ல நிக்கிறேன். வெளியிலேருந்து நான் திறந்து விட்டுடுவேன். ஆனா சார் உள்ளேருந்து திறக்காதேன்னு கை காட்டறார். அழறாரா சிரிக்கிறாரான்னு கண்ணாடி வழியா சரியாத் தெரியலை. திறக்கவா, வேண்டாமா?'

அடுத்த புள்ளி விழ அவள் மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது.